கன்னிமூலைத் தூண்

அந்த வீட்டை நான் முதன்முதலில் பார்த்தபோது அது தரையில் படுத்துக் கிடந்தது. கல்யாணமாகி, மலாக்காவில் செலண்டாருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்த புதிது. மாமனார் தோட்டத்து ஆசாரி. அவருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில், பங்களா மேட்டில், ஒரு பக்கத்துச் சுவரின் மரச்சட்டம் முழுசாகப் பூட்டி மல்லாக்கக் கிடந்தது. இப்படி ஒவ்வொரு பக்கமாகக் கீழேயே சேர்த்து, கயிறு கட்டித் தூக்கி நிறுத்த வேண்டும் என்றார் மாமா. வீட்டைப் படுக்கவைத்துக் கட்டுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது மருமகள் மாமனார் முன்னால் சிரிக்கக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பழைய பங்களா ஜப்பான்காரன் காலத்தில் எரிந்துபோயிருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அந்த வருடங்களைச் சிங்கப்பூரில் சிறையில் கழித்தவர். அங்கே பசியில் கிடந்தபோது, தான் பிறந்து வளர்ந்த பண்ணை வீட்டைக் கிடைத்த தாளில் எல்லாம் வரைந்துகொண்டே இருந்தாராம். இங்கிலாந்தில் நானூறு வருடமாக நிற்கிற வீடு. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அப்பா இறந்துபோயிருந்தார், அண்ணன் வீட்டை விற்றிருந்தார். அதனால் அதே வீட்டை இங்கே ரப்பர் மரங்களுக்கு நடுவில் கட்டிவிடுவது என்று துரை முடிவு செய்தார். ஓக் மரத்துக்குப் பதில் மலாய்க்காரர்கள் செங்கால் என்று சொல்லும் கெட்டி மரம். மற்றபடி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இரும்பாணி கூடாது, மரஆணிதான். சுவருக்கு மூங்கில் பின்னி, களிமண்ணும் சாணமும் லாலாங் புல்லும் மிதித்துக் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு. மரத்துக்கெல்லாம் கறுப்புத் தார். மாடி கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். நம் வீடுகளுக்கு எலும்பு உள்ளே இருக்கும், இதற்கு வெளியே.

இவ்வளவும் மாமாவுக்குப் பிடித்தே இருந்தது. மரஆணி இறுகுகிற சத்தத்தைக் கேட்டால் அவருக்குக் குஷி வந்துவிடும். பிரச்சினை மூலைத் தூண்களில் வந்தது.

மரத்துக்கு அடிப்பக்கம் பருமன், நுனிப்பக்கம் ஒல்லி. தூண் நடும்போது அடி கீழேயும் நுனி மேலேயும் இருக்க வேண்டும், மரம் காட்டில் நின்ற மாதிரியே. நம் ஆட்களில் மாட்டுக் கொட்டகை கட்டுகிறவர்கள்கூட இதைப் பார்த்துத்தான் நடுவார்கள். துரையின் படத்தில் நான்கு மூலைத் தூண்களும் தலைகீழாக இருந்தன. வெளியே துருத்தும் மாடியின் பாரம் முழுவதும் மூலைத் தூணின் தலையில்தான் இறங்குகிறது. மூன்று பக்கத்து விட்டங்களும் அங்கேதான் வந்து உட்காருகின்றன. அதற்கு இடம் வேண்டுமென்றால் பருத்த பக்கம் மேலே வர வேண்டும். துரை மாமாவுக்குத் தன் தோட்டத்துத் தமிழில் விளக்கினார்.

"ஆசாரி, எங்க ஊர்ல எல்லாம் இப்படித்தான். அடி மேல, நுனி கீழ. தண்ணி மேல ஏறாது. மரம் நல்லா இருக்கும்."

"சரிங்க தொர" என்று மாமா சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவரை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடக் கொண்டுபோனான், திரும்பி வரவில்லை. அந்த ஏக்கத்திலேயே மாமியும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர் மட்டும்தான். தலைகீழாக நட்ட தூண் குடியிருக்கிறவனை மட்டுமல்ல, நட்டவன் குடும்பத்தையும் விடாது என்று மாமா நம்பினார். நான் நம்பினேனா என்று கேட்டால், அந்த வயதில் எல்லாவற்றையும் நம்பினேன்.

"மூணு தூண அவரு இஷ்டத்துக்கு நட்டுறேன்" என்றார் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "கன்னிமூல மட்டும் எனக்கு மனசு கேக்கலம்மா."

தென்மேற்கு மூலையைத்தான் கன்னிமூலை என்போம். முதல் தூணை அங்கேதான் நிறுத்துவார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து நடுவோம். துரை, கப்பலில் வந்து இறங்கும் துரைசானியை அழைத்துவரச் சிங்கப்பூர் போன வாரத்தில், மாமா அந்த ஒரு தூணை மட்டும் அடி கீழே, நுனி மேலே வைத்துப் பூட்டினார். ஒல்லியான தலைக்குப் பருமன் காட்ட ஒரு கட்டையைச் செதுக்கி, தூணின் பக்கவாட்டில் மரஆணியால் அறைந்து சேர்த்தார். கூட வேலை செய்த சீனர்களுக்கு அதில் அக்கறை இல்லை. தார் பூசுவது பெண்களின் வேலை. அந்தத் தூணுக்குத் தார் பூசியது நான்தான். கட்டையும் தூணும் சேர்ந்த கோட்டில் ஒன்றுக்கு இரண்டு தடவை பூசச் சொன்னார், பூசினேன். அதற்குப் பிறகு பார்த்தால், நான்கு தூணும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

துரை திரும்பி வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிற்கிற சட்டத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழுதார் என்று மாமா சொன்னார். துரைகள் அழுவார்கள் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

வீடு முடிந்ததும் நான் அங்கேயே ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்றிருக்கும். ஆனால் ஒரு மூலையில் செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு, சமைக்க அல்ல, குளிர்காய. மலாக்காவில் குளிர்காய என்ன இருக்கிறது? மழை பெய்தால் துரை அதில் ரப்பர் விறகைப் போட்டுக் கொளுத்தச் சொல்லுவார். துரைசானிக்கு வியர்த்து வழியும். சாம்பல் அள்ளுவது நான். மாடியில் அந்தக் கன்னிமூலை அறையைக் கூட்டும்போதெல்லாம் என் கால் தானாகக் கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்களுக்குச் சண்டை மூண்டு, எமர்ஜென்சி வந்தது அதற்குப் பிறகுதான். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு துரையைச் சுட்டுவிட்டார்கள். காட்டோரம் இருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, பங்களா மேட்டுக்குக் கீழே ஒன்றாகக் கட்டி, எல்லாவற்றையும் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது கேட்டில் எங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போகிறதா என்று. தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் ஒருவரை அரிசி கொடுத்தார் என்று கொண்டுபோனவர்கள், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கொடுத்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

என் வீட்டுக்காரர் பால்வெட்டை விட்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். துப்பாக்கி கொடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள். மாமாவுக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக இருந்தன. எங்கே நிற்கச் சொல்லுவார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நின்ற இடம் அந்த மாடி அறைதான். அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுவதும் தெரியும் என்று போலீஸ் அதிகாரி அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தார். உம்பாய்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து லாரியில் மணல் வந்தது. சாக்கில் அடைத்து, மாடிக்குச் சுமந்து, ஜன்னலோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கினார்கள். சுமந்தவர்களில் மாமாவும் ஒருவர். முதல் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"கடல் மணலும்மா" என்றார், கீழே வந்ததும். "அது காயாது. மழ பெஞ்சா இன்னும் பாரமாகும். அந்தக் கட்ட சும்மா ஆளு நடக்க தாங்கும். இதத் தாங்குமான்னு எனக்குத் தெரியல."

கதவுக் கீலுக்கு எண்ணெய் போட வந்தேன் என்று சொல்லி அவர் அந்தத் தூணைப் பார்த்தார். கட்டைக்கும் தூணுக்கும் நடுவில் தார் வெடித்து, நகம் நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று விழுந்திருந்தது. மரம் காய்ந்தாலும் அப்படி வெடிக்கும், கட்டை இறங்கினாலும் அப்படி வெடிக்கும். எது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. துரையிடம் போய், அந்த மூலைக்கு அடியில் ஒரு முட்டு கொடுக்கட்டுமா என்று பொதுவாகக் கேட்டார். எங்கள் அப்பா வீட்டுக்கு முட்டு கிடையாது என்று துரை சிரித்தார். நானூறு வருடமாக நிற்கிறது, உனக்கென்ன பயம் என்று தோளில் தட்டி அனுப்பினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போனது. என் வீட்டுக்காரர் பாராவுக்குப் போனால் மாமா மேட்டுக்குக் கீழே நின்று அந்த மாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். மழை தூறினால் எழுந்து வெளியே வந்துவிடுவார். பொறுக்க முடியாமல் நான் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்பா தொரகிட்ட சொல்லப் போறாரா?"

"சொல்லிரலாமான்னு கேக்குறாரு."

"வேணாம். இப்ப இருக்குற நெலமைல தொர வீட்டுத் தூண மாத்தி வச்சேன்னு சொன்னா என்ன நெனப்பாங்க? ஆள கவுக்க திட்டம் போட்டான்னுதான் சொல்லுவாங்க. புடிச்சிட்டு போயிருவாங்க புள்ள. அது விழாது லா. விழுந்தாலும் நான் பாத்துக்குறேன்."

"விழுந்தா நீங்க எங்கேருந்து பாத்துக்குவீங்க?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்பாவைக் காப்பாற்ற மகன் அந்த மூலையில் நிற்கிறார், மகனைக் காப்பாற்ற அப்பா சொல்லத் துடிக்கிறார். கைக்குழந்தையோடு நான் நடுவில். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். வேலையை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன், இப்போது விட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்றார். மூட்டையை வேறு மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள் என்று துரைசானியிடம் நைசாகச் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் போலீஸ் வேலை, உனக்கெதற்கு என்றார்.

பெருமழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மூட்டைகள் கறுத்துப்போயின. ஒருநாள் காலை, போலீஸ் அதிகாரி வந்து துரையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டோடு நின்றேன். மாமா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி வருவதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் மாமா என்று கண்ணாலேயே சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரி இருக்கும்போது சொன்னால் மூட்டையை உடனே எடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார், பாவம்.

"தொர, அந்த மூலைத் தூணு சரியில்ல. மேல இருக்கிற பாரத்த எறக்கச் சொல்லுங்க. நான்தான் மாத்தி வச்சேன்."

துரை முதலில் நம்பவில்லை. எழுந்து போய்ப் பேனாக்கத்தியால் தாரைச் சுரண்டிப் பார்த்தார். ஒட்டுக்கட்டையின் கோடு தெரிந்தது. கத்தியை மடக்காமலே கேட்டார்.

"ஏன் ஆசாரி? ஏன் பொய் மரம் வச்ச?"

"உங்க வீடும் எங்க வீடும் நல்லா இருக்கணும்னுதான் தொர."

துரையின் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். சிறையில் கிடந்து வரைந்த வீடு. அதில் ஒரு தூண் பொய் என்று தெரிந்ததும் அந்த மனிதருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அதிகாரி இங்கிலீஷில் என்னவோ கேட்டார். துரை ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். அதிகாரி மறுபடியும் கேட்டார். துரை தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய், எரியாத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இது கிழவனின் மூடநம்பிக்கை, கெட்ட எண்ணம் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

மூட்டைகளை அப்போதே எதிர்மூலைக்கு மாற்றினார்கள். மாமாவை மத்தியானம் லாரியில் ஏற்றினார்கள். கேட்டில் அன்றைக்குப் பாரா என் வீட்டுக்காரர். முள்கம்பிக் கேட்டை அவர்தான் இழுத்துத் திறக்க வேண்டியிருந்தது. திறந்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினேன்.

"அழுவாத. அவன் இனிமே அங்க நிக்க மாட்டான்ல, அது போதும்" என்றார் மாமா. லாரி நகர்ந்ததும் குனிந்து இன்னொன்றும் சொன்னார். "அந்தத் தூணு விழுந்துச்சான்னு பாத்து எனக்குச் சொல்லி அனுப்பும்மா."

மலாக்காச் சிறையில் ஒரு முறை கம்பிக்கு அப்பால் அவரைப் பார்த்தோம். மெலிந்திருந்தார். பேரன் தவழ்கிறானா என்று கேட்டார், பிறகு தூணைக் கேட்டார். இன்னும் இல்லை மாமா என்றேன். அதற்குப் பிறகு அவரைக் கப்பலேற்றிவிட்டார்கள். ஏழெட்டு வயதில் சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே அவருக்கு இருந்ததெல்லாம் முகம்கூடத் தெரியாத ஒரு அண்ணன் மகன் வீடுதான்.

மஸ்ஜித் தானா டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அவ்வப்போது சேலத்துக்குப் போய் வருவார். அவரிடம் இரண்டு வேட்டியும் கொஞ்சம் பணமும் கொடுத்து, நாங்கள் சௌக்கியம் என்று சொல்லச் சொன்னோம். திரும்பி வந்து அவர் எங்களைத்தான் கேட்டார்.

"என்னா தம்பி அது, தூணு தூணுன்னு? வேட்டிய வாங்கிக்கூட பாக்கல. தூணு விழுந்துச்சான்னு மட்டும்தான் கேட்டாரு. எனக்கு என்னா தெரியும்?"

தூண் விழவில்லை. அந்தக் கீற்றுகூட அதற்குமேல் அகலவில்லை. மரம் காய்ந்த வெடிப்புத்தான் அது. அடுத்த முறை அந்த அண்ணன் கிளம்பும்போது என்ன சொல்லி அனுப்புவது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. உங்கள் வேலை கெட்டி, அசையாமல் நிற்கிறது என்று சொல்லலாம், சந்தோஷப்படுவார் என்றேன் நான். என் வீட்டுக்காரர் அன்றைக்குப் போட்ட சத்தம் அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை.

"நிக்குதுன்னு சொன்னா, அப்ப எதுக்குடா நான் இங்க வந்து கெடக்குறேன்னு நெனக்க மாட்டாரா?"

கடைசியில் அவரே அந்த அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். மழையில் அந்த மூலை இறங்கிவிட்டது, தூண் விழுந்துவிட்டது என்று.

பதிலுக்கு நாங்கள் பல மாதம் காத்திருந்தோம். அண்ணன் வந்ததும் அவர் கடைக்கே போய் நின்றோம்.

"சொன்னேன்பா" என்றார். "கேட்டுட்டு, கீழ மேல ஆளு யாரும் இல்லையேன்னாரு. யாரும் இல்லன்னேன். அப்புறம் எந்திரிச்சிப் போயி கைய கழுவிட்டு வந்து, சோறு போடுங்கன்னாரு. நல்லா சாப்ட்டாரு, அன்னிக்கு."

அடுத்த வருடம் மாமா காலமானார் என்று தகவல் வந்தது. அதற்குள் காட்டுச் சண்டையும் தணிந்து, துரை தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளைச் சுவரில் பாசி ஏறியிருந்தது. தகவல் வந்த அன்றைக்குத் தலை முழுகிவிட்டு, என் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு மேட்டை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். அவர் கன்னிமூலைத் தூணுக்கு முன்னால் போய் நின்றார். மாமா அறைந்த கட்டை மேலே அப்படியே இருந்தது. துரை சுரண்டிய இடத்தில் மட்டும் தார் இல்லை.

அவர் தூணில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். முதலில் லேசாக, பிறகு காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடும் தள்ளினார். தோள் சிராய்த்து ரத்தம் வந்தது. போதும் வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டார். விழு, விழு என்று அழுதுகொண்டே தள்ளினார். அது அசையவே இல்லை.